"அப்பவே இவன்ர மூளை பழுதாப் போட்டுதோ?" – ஒரு தாயின் கேள்வியும் எலிகள் சொல்லும் பதிலும்

கடந்த வருடம் ஒரு மாலைப்பொழுதில் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் வன்னியில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது சில பிள்ளைகள் சந்தேகம் கேட்க வருவார்கள். இவர்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகன் முற்றத்தில் நின்று சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வந்து இருந்த தாய் கேட்டது வேறு.

"ரீச்சர், இவன் பிறந்தது 2009 மாசி. முதல் மூண்டு மாசமும் பங்கருக்குள்ளதான். பிறகு முகாம். எனக்குப் பாலும் வடிவா வரேல்லை. அப்பவே இவன்ர மூளை பழுதாப் போட்டுதோ? அதாலதான் படிப்பு ஏறேல்லையோ?"

வாசலுக்கும் முற்றத்துக்கும் அதிக தூரமில்லை. மகனுக்கும் கேட்டிருக்கும்.

"அப்பிடி நினையாதேங்கோ பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன். அதில் ஆறுதல் இருந்தது, பதில் இருக்கவில்லை. பதுங்கு குழியிலும் தறப்பாள் கொட்டிலிலும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பலருடைய மனதில் இந்தக் கேள்வி இருக்கிறது. பதிலுக்குப் பயந்து பலர் அதைக் கேட்பதில்லை.

மனிதக் குழந்தையை வேண்டுமென்று இருட்டிலும் தனிமையிலும் வைத்துப் பரிசோதிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவே இளமையின் அனுபவம் மூளையை எப்படி மாற்றுகிறது என்ற அடிப்படை அறிவின் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்தே வந்தது. அவற்றிற் சில கொடுமையான பரிசோதனைகள். இன்று செய்ய அனுமதி கிடைக்காது. அந்த ஆய்வுகளைத் திரும்பவும் தேடிப் படித்தேன். அந்தத் தாய்க்குத் தேவையானவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போன எலிகள்

1940களில் கனடாவின் மொன்றியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் இருந்தார். அவர் சில எலிக்குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார். அவை வீடு முழுக்க ஓடித் திரிந்து வளர்ந்தன. மற்ற எலிகள் வழக்கம்போல ஆய்வுகூடக் கூட்டிலேயே இருந்தன. பின்னர் எல்லா எலிகளையும், உணவு இருக்கும் இடத்துக்கு வழி கண்டுபிடிக்க வேண்டிய புதிர்ப்பாதையில் விட்டுப் பார்த்தார். வீட்டில் வளர்ந்தவை குறைந்த பிழையோடு வழியைக் கண்டுபிடித்தன. பரிசோதனை நாட்கள் செல்லச் செல்ல அவை மற்றவற்றை விட இன்னும் முன்னேறின. அதாவது, இளமையில் பலதையும் கண்டு திரிந்தவைக்குப் புதியதைக் கற்கும் திறனே கூடியிருந்தது. 1947இல் ஹெப் இதை அறிவித்தார்.

ஆனால் நடத்தை மாறினால் மூளையும் மாறியிருக்க வேண்டுமா? அக்காலத்தில் பெரும்பாலான விஞ்ஞானிகள், மூளையின் அமைப்பு பிறப்போடு வருவது, அனுபவம் அதன் பருமனை மாற்றாது என்றே எண்ணினார்கள்.

ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று எலிகள்

அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெக், எட்வர்ட் பெனட், மரியன் டயமண்ட் ஆகியோர். அவர்களின் முறை எளிமையானது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்று ஆண் எலிகளை எடுத்தார்கள். ஒன்றைச் சாதாரண கூட்டில் வேறு சில எலிகளோடு விட்டார்கள். இன்னொன்றைத் தனியாக ஒரு சிறு கூட்டில் வைத்தார்கள். மூன்றாவதைப் பத்துப் பன்னிரண்டு எலிகள் கூடி வாழும் பெரிய கூட்டில் விட்டார்கள். அங்கே ஏணி, சக்கரம், பெட்டி என்று விளையாட்டுப் பொருட்கள் இருந்தன. அவை அடிக்கடி மாற்றப்பட்டன. மூன்றுக்கும் ஒரே உணவு, ஒரே தண்ணீர். பால் மறந்த 25ஆம் நாள் தொடங்கி 105ஆம் நாள் வரை இப்படி வைத்திருந்து, பின்னர் மூளைகளை எடுத்து அளந்தார்கள். எந்த மூளை எந்தக் கூட்டைச் சேர்ந்தது என்று அளப்பவருக்குத் தெரியாது.

பெரிய கூட்டில் வாழ்ந்த எலியின் மூளை மேற்பட்டை பாரமாக இருந்தது. 1964இல் டயமண்டும் சகாக்களும், அது தடிப்பாகவும் இருப்பதை நுணுக்குக்காட்டி மூலம் காட்டினார்கள். வித்தியாசம் சில வீதம்தான். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தபோதும் அது வந்தது. பின்னர் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரீனோ தலைமையிலான குழுவினர் நரம்புக்கலங்களை எண்ணிப் பார்த்தார்கள். பெரிய கூட்டு எலிகளின் பார்வைப் பகுதியில், ஒரு நரம்புக்கலத்துக்கான இணைப்புகள் தனித்திருந்தவற்றை விட ஏறத்தாழ 20 முதல் 25 வீதம் அதிகமாக இருந்தன.

இந்த முடிவைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "விலை கூடிய விளையாட்டுப் பொருள் வாங்கினால் மூளை வளரும்" என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பெரிய கூட்டில் இருந்த பெட்டியும் ஏணியும் வயல்வெளி எலிக்கு நாளாந்தம் கிடைக்கும் வாழ்க்கையை விடக் குறைவானவைதான். ஆகவே இந்தப் பரிசோதனை காட்டுவது, வெறுங்கூடும் தனிமையும் மூளையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன என்பதையே. கூடி விளையாட ஆட்கள், ஏறி இறங்க இடம், தொட்டுப் பார்க்கச் சாமான், இவை இருக்கும் சாதாரண வாழ்க்கையே மூளை எதிர்பார்த்துப் பிறக்கும் வாழ்க்கை.

பார்த்துக்கொண்டிருந்தால் போதாது

1975இல் பேர்க்லி குழுவினர் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். பெரிய கூட்டுக்குள்ளேயே சிறு கம்பிக் கூடுகளை வைத்து, அவற்றுக்குள் சில எலிகளை விட்டார்கள். அவை மற்ற எலிகளின் விளையாட்டைப் பார்த்தன, சத்தத்தைக் கேட்டன, மணந்தன. ஆனால் வெளியே வந்து எதையும் தொட முடியாது. அவற்றின் மூளையில் பெரிய கூட்டு எலிகளுக்கு வந்த மாற்றம் வரவில்லை.

இதற்கு முன்னர், 1963இல், ரிச்சர்ட் ஹெல்ட், அலன் ஹைன் என்ற இருவர் பூனைக்குட்டிகளை வைத்து இதைப் போன்ற ஒன்றைக் காட்டியிருந்தார்கள். இருட்டில் வளர்ந்த இரண்டு குட்டிகளை ஒரு சிறு இராட்டினத்தின் இரு பக்கங்களில் இணைத்தார்கள். ஒன்று தன் கால்களால் நடந்தது. அது நடக்க, கூடைக்குள் இருந்த மற்றது சுற்றப்பட்டது. இரண்டும் கண்டது ஒரே கோடு போட்ட சுவரைத்தான். ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது; கூடைக்குள் இருந்த குட்டிக்கு அது தெரியவில்லை. பின்னர் வெளிச்சத்தில் சுதந்திரமாக ஓடித் திரிய விட்டதும், சில நாட்களில் அதுவும் கற்றுக்கொண்டது.

சோறு தீத்துவதற்காகக் குழந்தையின் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிடும் இன்றைய பெற்றோர் இந்த இரண்டு பரிசோதனைகளையும் நினைவில் வைத்திருக்கலாம்.

சில கதவுகள் நேரத்துக்கு மூடுகின்றன

டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1960களில், அமெரிக்காவின் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில், பிறந்து சில நாட்களான பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். சில மாதங்களின் பின் திறந்தபோது கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த கலங்கள் அந்தக் கண்ணுக்குப் பதிலளிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. அந்த இடத்தைத் திறந்திருந்த கண் எடுத்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை இதே மாதிரி மூடியபோது அப்படி நடக்கவில்லை. பூனைக்குட்டிக்கு நான்காம், ஐந்தாம் வாரங்களே மிகவும் ஆபத்தான காலம். அப்போது சில நாட்கள் மூடினாலே பாதிப்பு வந்தது. மூன்று மாதங்கள் கடந்த பின் ஆபத்து பெரிதும் குறைந்தது. இந்தப் பணிக்காக இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது பூனைகளோடு முடிந்துவிடவில்லை. குழந்தை வெண்புரையோடு பிறந்தாலோ, வாக்குக்கண் இருந்தாலோ "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்கக்கூடாது என்று கண் வைத்தியர்கள் வற்புறுத்துவதற்கு இந்த அறிவும் ஒரு காரணம். மூளையில் நேரத்துக்குள் திறக்க வேண்டிய கதவுகள் உண்மையில் உண்டு. ஆனால் அவை பார்வை, கேள்வி போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கான கதவுகள். "படிக்கும் திறன்" முழுவதையும் அடைத்து மூடும் ஒரு தனிக்கதவை எந்த விலங்கிலும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

தாயின் நாக்கு

1950களில் சீமோர் லெவீன் என்ற ஆய்வாளர், புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளைத் தினமும் சில நிமிடங்கள் தாயிடமிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார். இந்தச் சிறு தொந்தரவு குஞ்சுகளைப் பயந்தவையாக்கும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அவை துணிந்தவையாக வளர்ந்தன. ஆபத்து வந்தால் அவற்றின் உடலில் அச்ச ஓமோன் சுரந்தது. ஆபத்து போனதும் சீக்கிரமே தணிந்தது.

இதன் காரணத்தை மொன்றியலில் மைக்கல் மீனியின் குழு தேடியது. குஞ்சு திரும்ப வந்ததும் தாய் எலி அதை அதிகமாக நக்கிக் கொடுத்தது. தொந்தரவு எதுவும் செய்யாதபோதும் சில தாய்கள் இயல்பாகவே கூடுதலாக நக்கின. சில குறைவாக நக்கின. கூட நக்கப்பட்ட குஞ்சுகள் பெரிதானபோது பதற்றம் குறைந்தவையாக இருந்தன என்று 1997இல் அறிவித்தார்கள். வழி நினைவிற் கொள்ளும் பரிசோதனையிலும் அவை திறமாகச் செய்தன. குறைவாக நக்கும் தாயின் குஞ்சைக் கூடுதலாக நக்கும் தாயிடம் மாற்றி விட்டபோது, அது வளர்த்த தாயின் குஞ்சுகளைப் போலவே வளர்ந்தது.

கருவுற்றிருக்கும் காலத்தில் தாய் எலியை நெருக்கடிக்குள்ளாக்கினால், அது பின்னர் தன் குஞ்சுகளைக் குறைவாக நக்கியது என்றும் அதே குழுவினர் கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. யுத்தம் பிள்ளைக்குள் நுழையும் வழிகளில் ஒன்று தாயின் ஓய்வையும் நிம்மதியையும் பறிப்பது. அதில் தாயின் குற்றம் எதுவுமில்லை. செல் விழும் இடத்தில், பசியோடு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த தாய், கொடுக்கக்கூடியவற்றுள் பெரியதைக் கொடுத்திருக்கிறார்.

பிந்திப் போனால்?

இந்தத் தாயின் கேள்விக்கு நேராக வரும் பரிசோதனைகள் இனித்தான்.

1958இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கூப்பர், ஸூபெக் ஆகிய இருவரும், புதிர்ப்பாதையில் கெட்டிக்கார எலிகளின் பரம்பரையையும் மந்தமான எலிகளின் பரம்பரையையும் எடுத்தார்கள். சாதாரண கூட்டில் வளர்ந்தபோது கெட்டிக்கார எலிகள் சராசரியாக 117 பிழைகளும் மந்த எலிகள் 164 பிழைகளும் விட்டன. விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த கூட்டில் வளர்ந்தபோது, அது 111உம் 120உம் ஆயிற்று. வெறுங்கூட்டில் வளர்ந்தபோது இரண்டு பரம்பரையும் ஏறத்தாழ 170 பிழைகள் விட்டன. நல்ல சூழலில் மந்தமானவை ஏறக்குறைய எட்டிப் பிடித்தன. வெறுமையில் கெட்டிக்காரரும் மந்தமானார்கள்.

1972இல் வெளிவந்த லெவிட்ஸ்கி, பார்ன்ஸ் இருவரின் ஆய்வு பசியைப் பற்றியது. இளமையில் போசாக்குக் குறைந்த எலிகளின் நடத்தையில் வந்த கோளாறுகள் தனிமையில் வைத்தபோது கூடின. தொடுகையும் விளையாட்டும் கொடுத்தபோது அவை மறைந்தன.

அதே ஆண்டில் ஸ்டீபன் சூமியும் ஹரி ஹாலோவும் குரங்குகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்தது முதல் ஆறு மாதம் தனிமையில் அடைக்கப்பட்ட றீசஸ் குரங்குகள் மூலையில் குந்தித் தங்களைத் தாங்களே அணைத்துக்கொண்டு ஆடின. சம வயதுக் குரங்குகளோடு விட்ட முயற்சிகள் முன்னர் தோற்றிருந்தன. இம்முறை மூன்று மாதக் குட்டிகளோடு விட்டார்கள். குட்டிகள் அடிக்கவில்லை, போய் ஒட்டிக்கொண்டன. வாரக்கணக்கில் ஒட்டி, இழுத்து, விளையாடி, அந்தக் குரங்குகளைப் பெருமளவு வழமைக்குக் கொண்டுவந்தன.

2002இல் மீனியின் குழு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் தினமும் மூன்று மணித்தியாலம் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிகள் பதற்றம் கூடியவையாக வளர்வது வழமை. பால் மறந்த பின்னர் அவற்றைப் பெரிய கூட்டில், துணைகளோடு வளர்த்தபோது அந்தப் பதற்றம் நீங்கியது. ஆனால் மூளைக்குள் பார்த்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகின் மிகைச் செயற்பாடு அப்படியே இருந்தது. பழைய தழும்பு அழியவில்லை. மூளை அதைச் சுற்றி வேறு வழி போட்டிருந்தது.

முதுமையிலும் இந்த இயல்பு முற்றாக நின்றுவிடுவதில்லை. 766 நாள் வயதான கிழட்டு எலிகளைப் பெரிய கூட்டுக்கு மாற்றி 904ஆம் நாள் அளந்தபோது, அவற்றின் மேற்பட்டையும் தடித்திருந்தது என்று 1985இல் டயமண்ட் எழுதினார்.

அவசரப்படுத்துவதும் தீங்கு

"சின்ன வயதில் தூண்டினால் நல்லது என்றால், இன்னும் முன்னரே, இன்னும் கூடத் தூண்டலாமே?" என்று கேட்பவர்களுக்குக் காடைக்குஞ்சு பதில் சொல்கிறது. பொப்வைட் என்ற அமெரிக்கக் காடையின் குஞ்சு பொரித்து வந்ததும் தன் இனத் தாயின் குரலை இனங்காணும். ரொபர்ட் லிக்லிட்டர் என்பவர் முட்டையின் மேல் ஓட்டை நீக்கி, பொரிப்பதற்கு முன்னரே குஞ்சின் கண்ணுக்கு ஒளி காட்டினார். அந்தக் குஞ்சுகள் தாயின் குரலை வழமைபோல இனங்காணவில்லை என்று 1990இல் அறிவித்தார். கேள்வி முதிர வேண்டிய நேரத்தில் பார்வை குறுக்கிட்டுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சிலைக் கொடுத்து அழவைத்து எழுதப் பழக்கும் ஆசையுள்ள பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எலி மனிதக் குழந்தை அல்ல. ஆனால் இதே பாதையில் பிள்ளைகளோடு செய்த ஒரு பணி இருக்கிறது. ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில், போசாக்கின்மையால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சலி கிரந்தம் மக்கிரெகர் என்ற வைத்தியரின் குழு எடுத்தது. சில குழந்தைகளின் வீட்டுக்கு இரண்டு வருடங்கள், வாரம் ஒரு மணித்தியாலம் சுகாதார உதவியாளர் போனார். கையால் செய்த விளையாட்டுப் பொருட்களால் பிள்ளையோடு எப்படி விளையாடலாம், கதைக்கலாம் என்று தாய்க்குக் காட்டினார். 1991இல் அந்தப் பிள்ளைகள் வளர்ச்சியில் முன்னேறியிருந்தது தெரிந்தது. சத்துணவு கொடுத்ததும் உதவியது. இரண்டும் சேர்ந்தபோது பயன் கூடியது. இருபது வருடங்களின் பின் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் உழைப்பு மற்றவர்களுடையதை விட 25 வீதம் கூடியிருந்தது.

அந்தத் தாய்க்கு

இவற்றைப் படித்து முடித்த பின் அந்தத் தாயைத் திரும்பக் கூப்பிட்டேன். உங்கள் மகன் ஒருவனைப் பற்றி எலியால் எதுவும் சொல்ல முடியாது என்றேன். அந்த மூன்று மாதங்கள் அவனில் எதையும் விடாமல் போயிருக்கும் என்றும் நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் விலங்குகளில் அப்படிப்பட்ட தொடக்கம் முடிந்த முடிவாக இருக்கவில்லை. பிறகு கிடைத்த வாழ்க்கை அதே அளவுக்குக் கணக்கில் வந்தது. அவனுக்குப் பிறகு கிடைத்தது என்ன? அம்மம்மா, மூன்று மச்சான்மார், குளக்கரை, திருத்தித் திருத்தி ஓடும் ஒரு சைக்கிள். அது வெறுங்கூடு இல்லை.

"படிப்பு ஏறாததுக்கு வேற காரணமும் இருக்கலாம் பிள்ளை. முதல்ல கண்ணையும் காதையும் காட்டுங்கோ" என்றேன். பிறகு மகனை உள்ளே கூப்பிட்டு, "தம்பி, கரும்பலகை எழுத்து வடிவாத் தெரியுதோ?" என்று கேட்டேன்.

"முன் வாங்கில இருந்தாத் தெரியும் ரீச்சர்" என்றான்.

அவன் உயரமான பிள்ளை. எப்போதும் பின் வாங்கில்தான் விடுவார்களாம். பதினாறு வயது வரை எவரும் கேட்காததால் அவனும் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போனார்கள், கிட்டப்பார்வை என்று கண்ணாடி கொடுத்தார்கள். அது முழுப் பதிலும் இல்லை. கணிதம் இன்னும் அவனுக்குக் கஷ்டம்தான். ஆனால் இப்போது பலகையைப் பார்த்து எழுதுகிறான்.

போகும்போது அந்தத் தாயிடம் ஒன்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்: "மூளை பழுது எண்ட கதையை இனி அவன்ர காதில விழக் கதையாதேங்கோ." அவர் தலையாட்டிவிட்டு, மகனின் சைக்கிள் கரியரில் ஏறி இருந்தார்.